பழைய பேக்கிங்கை மறுபடி போடலாமா? எதைப் போடலாம், எதைப் போடவே கூடாது

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. வண்டி மாருதி 800. சூடேறிப் புகை தள்ளியதால் எஞ்சினை இறக்கியிருக்கிறார்கள். சிலிண்டரை 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போரிங் செய்து, அதாவது உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கி, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாக வாங்கியாயிற்று. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலே பூட்டும் ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் பேக்கிங்தான் ஹெட் கேஸ்கட்; அது எட்டு மாதத்துக்கு முன்தான் மாற்றியது. "பார்க்க நல்லாத்தான் இருக்கு, கிரீஸ் தடவிப் போட்டா நிக்கும்" என்கிறார் மெக்கானிக். முழு பேக்கிங் செட் திருச்சியிலிருந்து வர இரண்டு நாள் ஆகுமாம். இருப்பதை வைத்தே பூட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

காத்திருங்கள். ஹெட் கேஸ்கட் விஷயத்தில் வேறு பதில் கிடையாது. செட்டில் உள்ள மற்ற பேக்கிங்குகளில் சிலவற்றைத் திரும்பப் போடலாம், சிலவற்றைக் கையாலேயே வெட்டிக்கொள்ளலாம். காரணம் தெரிந்தால் எது எந்த வகை என்று நீங்களே பிரித்துவிடலாம்.

"பார்க்க நல்லா இருக்கு" என்ற இடத்தில்தான் தவறு தொடங்குகிறது. கேஸ்கட் கிழியாமல் இருப்பதால் அடைப்பதில்லை, நசுங்குவதால் அடைக்கிறது. கருப்பு நார் பூச்சும் நடுவில் இரும்புத் தகடும் உள்ள சாதா ஹெட் கேஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டை முதல்முறை முறுக்கும்போது அந்த நார் நசுங்கி, ஹெட்டிலும் பிளாக்கிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல், பள்ளம் எல்லாவற்றிலும் போய் உட்காரும். சிலிண்டர் வாயைச் சுற்றியுள்ள இரும்பு வளையமும் கொஞ்சம் தட்டையாகும். பிறகு எஞ்சின் ஓடிய சூட்டில் அப்படியே இறுகிவிடும். கழற்றினால் பழையபடி உப்பி வராது. மைக்ரோமீட்டரால் அளந்தால் புதியதைவிடப் பழையது மெலிந்திருப்பது தெரியும். அந்த மெலிந்த தகட்டை வேறு நிலையில், ஒரு மயிரிழை தள்ளி வைத்து முறுக்கினால், பழைய மேடு புதிய மேட்டின்மேல் உட்காரும். மறுபடி நசுங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

அது தாங்க வேண்டிய வேலை எவ்வளவு என்று பாருங்கள். மாருதி 800-க்கு சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ. அதன் பரப்பு ஏறத்தாழ 37 சதுர செ.மீ. பெட்ரோல் எரியும் கணத்தில் அழுத்தம் 50 பார் (சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 50 கிலோ) வரை போகும் என்று வைத்தால், ஒவ்வொரு சிலிண்டரும் ஹெட்டை 1,800 கிலோவுக்கு மேல் மேல்நோக்கித் தள்ளுகிறது. 3,000 ஆர்.பி.எம்.-இல் ஒரு சிலிண்டரில் இது நிமிடத்துக்கு 1,500 தடவை நடக்கும். டர்போ டீசலில் அழுத்தம் 150 பாரையும் தொடும். இதே தகடு ஒரு விரற்கடை தள்ளித் தண்ணீரையும், அழுத்தத்தில் வரும் ஆயிலையும் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும். கிரீஸ் இந்த இடத்தில் என்ன செய்யும்? உருகி ஓடும். ஓடுவதற்குள் கேஸ்கட்டை வழுக்க விடும்.

உங்கள் வண்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. போரிங் செய்த பிறகு விட்டம் 69 மி.மீ. ஆகிவிட்டது. பழைய கேஸ்கட்டின் வளையம் முன்பிருந்த வாயைச் சுற்றித் தடம் பதித்தது. புதியதை வாங்கினாலும், பூட்டுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே பிளாக்கின் மேல் டோவலில் (இடம் பிசகாமல் நிறுத்தும் முளை) பொருத்தி வைத்து, மூன்று சிலிண்டர் வாயையும் மேலிருந்து பாருங்கள். வளையத்தின் விளிம்பு எங்கேயும் சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்தால் அந்த விளிம்பு சிவக்கச் சூடாகி, பிளக் பொறி விழுவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைக்கும். தட்டுச் சத்தம் வரும், பிஸ்டன் ஓட்டையாகும். எண்ணெய் வழி, தண்ணீர் வழி எல்லாம் நேராக இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். தலைகீழாகப் போட்டால் ஆயில் வழி மூடிக்கொள்ளும் கேஸ்கட்டுகள் உண்டு.

புதுக் கார்களில் வரும் எம்.எல்.எஸ். வகை, அதாவது பல அடுக்கு ஸ்டீல் தகடு, இதற்கு விலக்கா? "முழுசா இரும்பு, அது எங்கே நசுங்கப் போகுது" என்று கேட்பார்கள். அதில் சிலிண்டர் வாயைச் சுற்றி மேடாக அழுத்தப்பட்ட வரி ஒன்று ஓடும். அது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. மேலே மெல்லிய ரப்பர் பூச்சு. நுண்ணிய கீறல்களை அடைப்பது அந்தப் பூச்சுதான். கழற்றும்போது பூச்சில் பாதி ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு போய்விடும், மேட்டு வரியும் தளர்ந்திருக்கும். நகத்தால் தடவிப் பார்த்தாலே உரிந்த திட்டுகள் தட்டுப்படும். ஆகவே இதுவும் ஒருமுறைக்குத்தான்.

பழையதைத் திரும்பப் போடும் பழக்கம் நம் பக்கத்தில் எங்கிருந்து வந்தது என்பதும் எளிதில் புரிகிறது. டெல்டாவில் தலைமுறை தலைமுறையாக வயலில் ஓடியவை ஒற்றைச் சிலிண்டர் டீசல் பம்ப்செட்டுகள். அவற்றில் பலவற்றில் வருவது கெட்டிச் செம்புத் தகடு. செம்பு அழுத்தத்தில் இறுகும், சூடு காட்டினால் மறுபடி இளகும். மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால் கையால் வளைக்கிற அளவுக்கு இளகிவிடும். அது சரியான முறைதான். தகடு ஒரே துண்டுச் செம்பாக இருக்கும் வரை செல்லும். ஆனால் பழைய அம்பாசிடர் மாதிரி வண்டிகளில் வந்த செம்புக் கேஸ்கட் வேறு. அது இரண்டு செம்புத் தகட்டுக்கு நடுவே கல்நார் வைத்தது. அதைக் காய்ச்சினால் செம்பு இளகலாம், நடுவில் நசுங்கிய கல்நார் நசுங்கியதுதான். போதாக்குறைக்கு அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. அப்படிப்பட்டதைக் கழற்றினால் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், காற்று அடிக்காதீர்கள். தண்ணீர் நனைத்து எடுத்து, பாலிதீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

இப்போது கேஸ்கட்டைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதத்தில் கேஸ்கட் போயிருந்தால், அது தானாகப் போகவில்லை. மூன்று இடங்களைத் தேட வேண்டும்: சூடு ஏன் ஏறியது, ஹெட் வளைந்திருக்கிறதா, தண்ணீர் என்ன ஊற்றினார்கள்.

அறுவடைக் காலத்தில் சாலையில் பறக்கும் பதரும் வைக்கோல் தூளும் ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். ஃபேன் பக்கத்திலிருந்து, அதாவது உள்ளிருந்து வெளியே, தண்ணீரைப் பீய்ச்சினால்தான் கூடை கூடையாகக் கொட்டும். அடுத்தது தண்ணீர். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டினால் அலுமினிய ஹெட்டின் தண்ணீர் வழி விளிம்புகள் அரித்து, பல் விழுந்த ஈறு மாதிரி பள்ளம் பள்ளமாகிவிடும். கேஸ்கட்டின் தண்ணீர் ஓட்டைகளும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். உங்கள் பழைய கேஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஓட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். துருக்கறை வளையத்தை நோக்கி ஓடியிருந்தால் ஒழுகிய வழி அதுதான். ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று யாராவது மஞ்சள்தூள் கொட்டியிருந்தால், அது ஒழுகலை மட்டும் அடைத்திருக்காது. நுண்குழாய்களையும் அடைத்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் புது எஞ்சினைப் பூட்டாதீர்கள்.

ஹெட்டின் வளைவை அளக்க ஸ்ட்ரெய்ட் எட்ஜும் (நேரான இரும்புச் சட்டம்) ஃபீலர் கேஜும் (இடைவெளியில் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய தகடுகள்) போதும். நான்கு ஓரம், இரண்டு மூலைவிட்டம் என ஆறு நிலையில் வைத்துப் பாருங்கள். சின்னக் கார்களின் ஹெட்டுக்கு 0.05 மி.மீ. என்பது வழக்கமான எல்லை. 0.05 தகடு எங்காவது நுழைந்தால் ஃபேசிங்குக்கு, அதாவது முகத்தைச் சீவிச் சமப்படுத்த, போக வேண்டியதுதான். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ எஞ்சின் வேலை செய்யும் லேத்தில் கொடுத்தால் செய்து தருவார்கள். கேட்க வேண்டியவை இரண்டு: எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவே எடுங்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். ஹெட்டை மட்டும் அனுப்பிவிட்டு பிளாக்கின் மேல்முகத்தை அளக்காமல் விடுவது பெரிய தவறு. சூடேறிய எஞ்சினில் அதுவும் வளைந்திருக்கலாம், போல்ட் துளைகளைச் சுற்றி மேடு தட்டியிருக்கலாம். அந்த மேட்டை ஃபைலால் லேசாக நீக்காவிட்டால் ஹெட் அதன்மேல் ஏறி நிற்கும். எம்.எல்.எஸ். கேஸ்கட் போடும் எஞ்சினுக்கு முகம் இன்னும் வழவழப்பாக வேண்டும். பழைய நார் கேஸ்கட்டுக்குப் போதுமான வரிவரியான ஃபேசிங் அதற்குப் போதாது.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல டீசல் எஞ்சின்களுக்கு ஹெட் கேஸ்கட் இரண்டு மூன்று கனத்தில் வரும். ஓரத்தில் உள்ள வெட்டு அல்லது துளைகளின் எண்ணிக்கைதான் அடையாளம். புது பிஸ்டன் போட்ட பிறகு, அது பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து, மேனுவலில் சொன்ன கனத்தை வாங்க வேண்டும். பழையதில் எத்தனை வெட்டு இருந்ததோ அதையே வாங்குவது போதாது. மெலிந்ததைப் போட்டால் பிஸ்டன் வால்வைத் தொடும். தடித்ததைப் போட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது.

சுரண்டும் வேலையில் அவசரம் வேண்டாம். பழைய கேஸ்கட்டின் மிச்சத்தைத் தின்னர் ஊற்றி ஊற வைத்து, அலுமினியத்தில் பித்தளை அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் சுரண்டியை மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி போட்ட ஒரு கீறல், புது கேஸ்கட்டை ஒரே வாரத்தில் ஒழுக வைக்கும். கிரைண்டரில் மாட்டும் நார் டிஸ்க்கை வைத்துத் தேய்ப்பது இப்போது பரவியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அதிலிருந்து உதிரும் தூள் தேய்க்கும் கல்லின் துகள். ஆயில் வழியில் இறங்கினால் நீங்கள் இப்போதுதான் வாங்கிய பேரிங்கைத் தின்றுவிடும். சிலிண்டர் வாய், ஆயில் துளை, தண்ணீர் வழி எல்லாவற்றிலும் பனியன் வேஸ்ட் அடைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். முடித்ததும் அடைத்த துணிகளை எண்ணி எடுக்க வேண்டும்.

போல்ட் துளைகளுக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கி நிற்கக் கூடாது. அடி மூடிய துளையில் திரவம் இருந்தால், முறுக்கும்போது அது வெளியேற வழியில்லாமல் பிளாக்கையே விரிசல் விட வைக்கும். அது நடக்காவிட்டாலும் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) பொய் காட்டும்: ரெஞ்ச் கிளிக் ஆகும், ஹெட் இறுகியிருக்காது. துளைகளை உறிஞ்சி, துடைத்து, போல்ட் மரையில் ஒரே ஒரு சொட்டு எஞ்சின் ஆயில், தலைக்கு அடியில் ஒரு சொட்டு. டார்க் எண்ணோடு 90 டிகிரி என்று கோணமும் சொல்லியிருக்கும் எஞ்சின்களில் போல்ட் இழுபடுமாறு செய்தது. அதையும் புதிதாக வாங்குங்கள். மற்றவற்றில் நீளத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கழுத்து மெலிந்தது இருந்தால் மாற்றினால் போதும். நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி, மூன்று தவணையாக முறுக்க வேண்டும். இறுதி எண்ணை உங்கள் எஞ்சினின் மேனுவலிலிருந்தே எடுங்கள். மேனுவல் சொல்லியிருந்தால் மட்டும் ஓட்டிச் சூடாக்கி, ஆறிய பிறகு மறுமுறுக்கு. எம்.எல்.எஸ். கேஸ்கட்டுக்குப் பொதுவாக அது தேவையில்லை.

சரி, மற்ற பேக்கிங்குகள். டேப்பட் கவர், அதாவது ஹெட்டின் மேல் வால்வுகளை மூடும் மூடி, அதன் பேக்கிங் அச்சில் வார்த்த ரப்பர். அதை இரண்டு விரலில் மடித்து விடுங்கள். உடனே நிமிர்ந்தால், விரிசல் இல்லையென்றால், கவரின் பள்ளத்துக்கு மேல் இன்னும் எழும்பி நின்றால் போடலாம். வெறும் டேப்பட் இடைவெளி பார்க்கக் கவரைத் திறந்தவர்கள் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. தட்டையாகிப் பள்ளத்தோடு சமமாக உட்கார்ந்துவிட்டது, அல்லது நகம் பதியாத அளவு கெட்டியாகிவிட்டது என்றால் போடாதீர்கள். தகட்டின்மேல் ரப்பர் ஒட்டிய சம்ப் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) பேக்கிங்கும் இதே சோதனையில் தேறினால் போடலாம். செட்டிலேயே இரண்டும் வரும் என்பதால் உங்களுக்கு இந்தக் கவலை தேவைப்படாது.

இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (ஹெட்டுக்குள் கலவை வரும் குழாய், புகை வெளியேறும் குழாய்) பேக்கிங் புதிதாகவே இருக்கட்டும். இன்டேக்கில் காற்று உறிஞ்சினால் ஐட்லிங் ஏறி இறங்கும், கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடாகும். அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து வாரக்கணக்கில் சுற்றுவார்கள். எக்ஸாஸ்ட் ஒழுகினால் டப் டப் என்ற சத்தம் டேப்பட் சத்தம் போலவே கேட்கும்.

கிராங்க் ஆயில் சீல், கேம் சீல், வால்வு சீல் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு புதிது. பழைய சீல் உதடு கிராங்கில் ஒரு வரிப்பள்ளம் போட்டிருந்தால், புது சீலை முழுதாக அடிக்காமல் ஒன்றரை மி.மீ. வெளியே நிறுத்தி, உதடு தேயாத இடத்தில் உட்காருமாறு செய்யலாம். சீலின் இருப்பிடத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் அலட்சியமாக விடுவது ஆயில் உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். சுண்டுவிரல் மோதிரம் அளவுதான் இருக்கும். அது கெட்டியாகிக் காற்று உறிஞ்சினால், சம்ப் நிறைய ஆயில் இருந்தும் பிரஷர் வராது. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது என்பதால் கண்டுபிடிக்கவும் முடியாது. பேரிங் போன பிறகுதான் தெரியும். ஓ-ரிங் எதையும் திரும்பப் போடாதீர்கள். அதேபோல் ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரிங் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் புது ஃபில்டர் ஏறினால் ஸ்டார்ட் செய்த சில நொடியில் ஆயில் முழுக்கத் தரையில்.

டிரெய்ன் பிளக்கின் செம்பு வாஷர் கெட்டித் துண்டு. கம்பியில் கோத்து, மங்கிய சிவப்பாகக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, புளித்தண்ணீரில் தேய்த்துக் கருப்பை எடுத்து, கண்ணாடிமேல் உப்புத்தாள் வைத்து இரண்டு முகமும் சமப்படுத்தினால் மறுபடி போடலாம். அலுமினிய வாஷர் அப்படி இல்லை, மாற்ற வேண்டும். டீசல் இன்ஜெக்டருக்கு அடியில் உட்காரும் செம்பு வாஷரைக் காய்ச்சியும் போட வேண்டாம். கனம் கொஞ்சம் மாறினாலும் இன்ஜெக்டர் உட்காரும் ஆழம் மாறும். ஒழுகினால் எரிந்த புகை தார் மாதிரி இறுகி இன்ஜெக்டரையே பிடித்துக்கொள்ளும்.

தெர்மோஸ்டாட் வாய், வாட்டர் பம்ப் மாதிரி இடங்களுக்குப் பேக்கிங் ஷீட் வாங்கி நீங்களே வெட்டிக்கொள்ளலாம். பழையதன் கனத்தை அளந்து அதே கனத்தில், பெரும்பாலும் அரை அல்லது முக்கால் மி.மீ. வாங்குங்கள். பந்துத்தலை சுத்தியலால் இரும்பு விளிம்பில் தட்டித் தட்டி வெட்டுவதுதான் பட்டறை வழக்கம். அலுமினிய வாயில் அதைச் செய்தால் விளிம்பு மழுங்கிவிடும். அங்கே முகத்தில் ஆயில் தடவி ஷீட்டை அழுத்தி எடுங்கள். பதிந்த தடத்தைக் கத்தரியால் வெட்டுங்கள். போல்ட் துளைகளைக் கத்தரியால் குடையக் கூடாது, பஞ்ச் வைத்து அடியுங்கள். ஓரம் பிசிறாக இருந்தால் அங்கிருந்தே கிழியும். ஆயில் பம்ப் மூடிக்கு மட்டும் இந்தக் கைவேலை வேண்டாம். அதில் பேக்கிங் உள்ள எஞ்சினில், உள்ளே இருக்கும் கியருக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளியே பேக்கிங்கின் கனம்தான். கால் மி.மீ. கூடினாலும் பிரஷர் விழும்.

அனபாண்ட் மாதிரி சிலிக்கோன் பசை பேக்கிங்குக்குப் பதிலாக இல்லை, பேக்கிங்கே இல்லாத முகங்களுக்காக. இரண்டு மூன்று மி.மீ. தடிப்பில், அறுபடாத ஒரே கோடாக, போல்ட் துளைக்கு உள்பக்கமாகச் சுற்றி ஓட விடுங்கள். பத்து நிமிடத்துக்குள் பூட்டுங்கள். ஆயில் ஊற்றுவதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். அதிகமாகப் பூசினால் வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது தெரியாது, அது உதிர்ந்து ஆயில் வடிகட்டியை அடைக்கும். ஹெட் கேஸ்கட்டில் எந்தப் பசையும் வேண்டாம், காய்ந்த சுத்தமான முகம்தான் தேவை. மேனுவல் குறிப்பிட்ட மூலைகள் இருந்தால் அங்கே மட்டும் ஒரு பொட்டு.

செட் வந்து பூட்டிய பிறகு, ரேடியேட்டரில் கூலண்டும் டிஸ்டில் வாட்டரும் சரிபாதி ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்து, காற்று முழுக்க வெளியேறித் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஐட்லிங்கில் ஓட விடுங்கள். முதலில் சில குமிழ்கள் வருவது வழிகளில் தங்கிய காற்று. எஞ்சின் சூடான பின்னும் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தக் குமிழ் வந்தாலோ, மறுநாள் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலோ, சிலிண்டரில் எரிந்த புகை தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். அப்போது போல்ட்டை மேலும் முறுக்கிப் பார்க்காமல், ஹெட்டை இறக்கி முகத்தை மறுபடி அளக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் 500 கி.மீ. ஓட்டியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுமினுப்பான துகளோ, பால் கலந்த நிறமோ தென்படாமல் இருக்க வேண்டும்.